ஆரது அண்ணையும் நல்ல தமிழில் வந்த கள்ளக் கடிதமும்

தன் நிழலிடமே அடையாள அட்டை கேட்கக்கூடிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் ஆரது அண்ணை. கதவைத் தட்டினால் ‘ஆரது?’ தொலைபேசி அடித்தால் ‘ஆரது?’ ஒருநாள் கந்தோர் வாசலில் மான் ஒன்று தலையை நீட்டியது. திருகோணமலையில் மான் வருவது ஒரு புதினமில்லை. கடைத்தெருவிலேயே அவை ஆட்களோடு ஆட்களாகத்தான் திரியும். அண்ணை கணினியை விட்டுக் கண்ணை எடுக்காமல் அதையும் ‘ஆரது?’ என்று கேட்டார். பதில் இல்லை. “பேர் சொல்லாத ஆக்களை உள்ள விடாதேங்கோ” என்று எங்களுக்குச் சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

துறைமுகத்தடியில் ஒரு கப்பல் முகவர் கந்தோர் அது. வருகிற கப்பலுக்கான பத்திரங்களைத் தயாரிப்பது என் வேலை. எங்கள் கணினிகளைக் கள்ளரிடமிருந்து காப்பாற்றுவது அண்ணையின் வேலை. அதுவும் வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை. எங்களைப் போன்ற ஆட்களை வைத்துக்கொண்டு கணினியைக் காப்பாற்றுவதென்றால் என்ன பாடு என்பதை இனிப் பாருங்கள்.

ஃபிஷிங் என்று ஒன்று இருக்கிறது. வங்கி மாதிரியும் தபால் கந்தோர் மாதிரியும் வேசம் போட்டு வந்து, ‘இதைக் கிளிக் பண்ணுங்கள்’ என்று கெஞ்சுகிற கள்ள மெயில். அதில் நாங்கள் விழுவோமா என்று பார்க்க, கொழும்புத் தலைமைக் கந்தோர் தானே ஒரு கள்ள மெயிலை எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பிப் பரீட்சை வைத்தது. ‘ஊழியர்களுக்கு இலவச மதியச் சாப்பாடு, பெயரைப் பதியுங்கள்’ என்று ஆங்கிலத்தில் வந்தது. எங்கள் மனேஜர் மூன்று தரம் கிளிக் பண்ணினார், முதல் இரண்டு தரமும் சாப்பாடு வரவில்லையாம். துறைமுகத்துக்குள் போய்வந்து பத்திரம் கொடுக்கிற சலீம் நானா, கிண்ணியாவில் இருக்கிற தன் தம்பிமார் நாலு பேருக்கும் அதை அனுப்பிவைத்தார். நானும்தான் கிளிக் பண்ணினேன். புரியாணி என்று எழுதியிருந்தது, நான் என்ன செய்ய?

ஒருத்தர் மிச்சமில்லாமல் விழுந்துவிட்டோம். கொழும்புக்குக் கோபம் வந்தது. அடுத்த பரீட்சையில் கிளை தேறினால் அண்ணையின் வேலை திருகோணமலையிலேயே நிரந்தரம். தவறினால் அந்த வேலையைக் கொழும்பிலிருந்தே பார்த்துக்கொள்வார்கள், அண்ணை வேறு இடம் தேடவேண்டியதுதான். தேநீர் குடிக்கிற நேரம் அண்ணை என் மேசைக்கு வந்து நின்றார்.

“பிள்ளை, இவ்வளவு வயசுக்குப் பிறகு இந்தத் துறைமுகத்தில என்னை வேற ஆர் எடுக்கப்போறாங்கள்? கொழும்புக்குத்தான் போகோணும். மனுசிக்குப் பாலையூத்துப் பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிற வேலை, அவ வரமாட்டா. நான் அங்க ஒரு அறையில தனிய இருந்துகொண்டு ஆரைப் பாத்து ‘ஆரது’ எண்டு கேக்கிறது?”

சிரிப்பு வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது சிரிக்க முடியவில்லை.

குற்றம் பாடத்தில்தான் என்று அண்ணை கண்டுபிடித்தார். போன தரம் பயிற்சி ஆங்கிலத்தில் நடந்தது. எல்லோரும் தலையாட்டினோம், ஒருவருக்கும் ஒன்றும் ஏறவில்லை. ஆகவே பயிற்சி மென்பொருளின் மொழி அமைப்பில் போய்த் தமிழைத் தெரிவு செய்தார். திரையில் கொட்டை எழுத்தில் வந்தது: ‘மீன்பிடித்தலை உடனடியாக நிறுத்துங்கள். மீன்பிடிப்பவரைக் கண்டால் மேலதிகாரிக்கு அறிவியுங்கள்.’

சலீம் நானா கதிரையை விட்டு எழும்பிவிட்டார். “என்ன தம்பி இது? நம்மட வாப்பா கடலுக்குப் போனவர், தம்பிமார் இன்னும் போறானுகள். அவனுகளை நான் மனேஜருக்குப் புடிச்சுக் குடுக்கணுமா?”

“நானா, அது மெசின் செய்த மொழிபெயர்ப்பு. கோவிக்காதேங்கோ.”

“மெசினுக்கு மீன் வேணாமெண்டா அது சாப்பிடாம இரிக்கட்டும்!”

அன்றிலிருந்து இரண்டு கிழமை அண்ணை ஒரு வரி விடாமல் திருத்தினார். ‘உங்கள் எலியைச் சொடுக்கவும்’ என்ற இடத்தில் மட்டும் அரை நாள் செலவாகியது, ஏனென்றால் எலி என்றால் எந்த எலி என்று நானா கேட்டுக்கொண்டே இருந்தார். எங்கள் கந்தோரில் எலித் தொல்லை இருந்தது உண்மைதான்.

அடுத்த சிக்கல், யாருக்கு எந்த மொழி? ‘விருப்ப மொழி’ என்று கேட்டு ஒரு படிவம் தந்தார். எல்லோரும் ஆங்கிலம் என்று எழுதிக் கொடுத்தோம். நானும் எழுதினேன். கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே! அண்ணை படிவங்களை வாசித்துவிட்டு ஒவ்வொருவராகப் பார்த்தார்.

“விருப்பத்தை ஆர் கேட்டது? கள்ளன் ஆளைப் பயப்படுத்தித்தான் கிளிக் பண்ண வைக்கிறான். பயத்தில வாயில எந்தப் பாஷை வருதோ, அதுதான் உங்கட பாஷை. அதை நானே கண்டுபிடிக்கிறன்.”

எப்படிக் கண்டுபிடிப்பார் என்று அப்போது ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும்.

மறுநாள் காலை நான் கோப்பு எடுக்க அலுமாரியைத் திறந்தேன். பின்பக்கத்தில் தகரத் தட்டம் ஒன்று ‘டமார்’ என்று விழுந்தது. “ஐயோ, என்ர அம்மா!” என்று நான் கத்திய கத்து மணிக்கூட்டுக் கோபுரம் வரைக்கும் கேட்டிருக்கும். அலுமாரிக்குப் பின்னாலிருந்து அண்ணை தட்டத்தோடு எழும்பிவந்து, கொப்பியில் ‘தமிழ்’ என்று எழுதினார்.

“உங்களுக்கு விசரா அண்ணை?”

“ஏச்சும் தமிழ்தான். நல்லது.” அதையும் எழுதிக்கொண்டார்.

மனேஜர், ஆங்கிலம் தவிர வேறொன்றும் பேசாத கனவான். காற்சட்டையில் மடிப்புக் குலையாமல் நடப்பவர். கழுவுமறையிலிருந்து வெளியே வந்தவருக்குத் தட்டம் விழுந்தது. “அனே அம்மே!” என்று சுவரோடு ஒட்டிக்கொண்டார். “சிங்களம், சேர். தாங்க் யூ, சேர்” என்றார் அண்ணை. அந்த ஆள் பெருந்தன்மையானவர், ஒரு மணித்தியாலம் மட்டும்தான் கதைக்காமல் இருந்தார்.

நானாதான் கஷ்டம் கொடுத்தார். முதல் தரம் “யா அல்லாஹ்!” என்றார். அரபு மொழிக்கு அந்த அமைப்பில் இடமில்லை. இரண்டாம் தரம் அசையவே இல்லை, “கடல்ல இதை விடப் பெரிய சத்தமெல்லாம் கேட்டிரிக்கன் தம்பி” என்றார். மூன்றாம் தரம் தட்டம் அவருடைய பெருவிரலிலேயே விழுந்துவிட்டது. நானா ஒரு முழு வசனம் சொன்னார். எழுவாய், பயனிலை எல்லாம் சரியாக இருந்தது. பத்திரிகையில் அச்சிட ஏலாது. “சுத்தத் தமிழ்” என்று அண்ணை எழுதிக்கொண்டார்.

இந்தக் களேபரத்தில் கையொப்பம் வைக்க வந்த ஒரு வெளிநாட்டுக் கப்டனுக்கும் தட்டம் விழுந்துவிட்டது. அவர் கத்தியது எந்த மொழி என்று இன்றுவரை எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

ஆனால் சும்மா சொல்லக்கூடாது, பாடம் ஏறிவிட்டது. மூன்று அடையாளங்களை அண்ணை எங்களுக்குப் பாராமல் சொல்லப் பழக்கினார். திடீரென்று வருகிற நல்ல செய்தி, கெதியாகச் செய் என்ற அவசரம், அழுத்தச் சொல்லி ஒரு இணைப்பு. மூன்றும் ஒன்றாக வந்தால் உடனே அழித்து, முறைப்பாட்டுப் பொத்தானை அமத்தவேண்டும். இரண்டாம் பரீட்சை மெயில்கள், அண்ணை கொடுத்த பட்டியலின்படி, அவரவர் மொழியில் வந்தன. ஒருவரும் விழவில்லை. நாங்கள் மனேஜர் அனுப்பிய விடுமுறை அறிவித்தலைக்கூட முறைப்பாடு செய்தோம். கிளை தேறியது.

அதற்குப் பிறகுதான் கொழும்பு மிஸ் எனக்குத் தொலைபேசி எடுத்தா. ஆளணிப் பிரிவில் இருக்கிற சிங்களப் பெண், தங்கமான பிள்ளை. “மொழி மொழி எண்டு அவர் எவ்வளவு பாடுபட்டவர், நிரந்தரக் கடிதத்தைத் தமிழிலேயே அனுப்புவோம். இங்க எழுத ஆள் இல்லை. நீங்க எழுதித் தாங்க, ஆனா அவருக்குச் சொல்லக்கூடாது, கந்தோரே எழுதினதெண்டு சந்தோசப்படட்டும்” என்றா. நான் ஒரு பின்னேரம் முழுக்க இருந்து எழுதினேன். ஒற்று, புள்ளி எல்லாம் நாலு தரம் பார்த்தேன். அண்ணையின் பெயர் நீளமானது. ழகரமும் றகரமும் ணகரமும் வருகிற அந்தப் பெயரைக் கொழும்பு அதுவரை ஏழு விதமாக எழுதியிருந்தது. நான் ஒழுங்காக எழுதினேன். கடைசியில் மிஸ் சொன்னபடி, ‘வெள்ளிக்கிழமை பிற்பகல் நான்கு மணிக்கு முன் கீழுள்ள இணைப்பை அழுத்தி ஏற்றுக்கொள்ளவும், தவறின் நியமனம் இரத்தாகும்’ என்று சேர்த்தேன்.

நல்ல செய்தி. அவசரம். இணைப்பு. எழுதும்போது எனக்கு மண்டையில் உறைக்கவேயில்லை.

புதன்கிழமை காலை அண்ணை எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார். என் கடிதத்தைப் புரொஜெக்டரால் சுவரில் பெரிதாக விழுத்தியிருந்தார்.

“வாங்கோ, வாங்கோ. இதைவிட வடிவான கள்ள மெயில் உங்கட ஆயுசுக்கும் காணமாட்டியள்.”

நான் மெல்ல முன்னுக்குப் போனேன். “அண்ணை, உண்மை போலத்தானே கிடக்கு?”

“அதுதான் பிள்ளை கெட்டித்தனம்! ஒரு ஒற்றுப் பிழையாவது இருக்கே? ‘மனமுவந்து அறியத்தருகின்றோம்’ எண்டு எழுதியிருக்கிறான் பாரும். கொழும்பில இப்பிடி எழுத ஆர் இருக்கினம்? இவன் படிச்ச கள்ளன்.”

என் தமிழை இவ்வளவு மனம்விட்டு ஒருவரும் புகழ்ந்ததில்லை. வெட்கம் ஒரு பக்கம், பதற்றம் ஒரு பக்கம். “பேரையும் சரியா எழுதியிருக்கிறாங்களே” என்றேன்.

“அங்கதானே பிடிபட்டவன்! கொழும்பு எண்டைக்கு என்ர பேரைச் சரியா எழுதினது?” என்று சொல்லி, மிஸ்ஸின் மெயில் முகவரியையே மறித்துவிட்டார். அதோடு மிஸ் அனுப்பிய ஞாபகமூட்டல்களும் உள்ளே வரவில்லை.

“கொழும்புக்கு எடுத்துக் கேளுங்கோ அண்ணை” என்று வியாழக்கிழமை மன்றாடினேன். கடிதத்தில் இருக்கிற இலக்கத்துக்கு எடுக்கக்கூடாது என்பது அவருடைய சட்டம். பழைய டயறியில் இருந்த ஒரு இலக்கத்துக்கு எடுத்தார். அது எப்போதோ துண்டிக்கப்பட்ட இலக்கம். “பாத்தீரே? கள்ளக் கூட்டம் ஓடிட்டுது” என்றார். நானே மிஸ்ஸோடு கதைத்துவிட்டுப் போய் உண்மை என்று சொன்னேன். என்னை இரக்கத்தோடு பார்த்து, “உம்மையும் ஏமாத்திப்போட்டாங்கள்” என்று என் கடவுச்சொல்லை மாற்றிவைத்தார்.

வெள்ளிக்கிழமை மூன்றரை. சொன்ன வாக்கும் மண்ணாங்கட்டியும், ‘நான்தான் எழுதினனான்’ என்று சொல்லிவிடுவோம் என எழும்பினேன். அந்த நேரம் தொலைபேசி அடித்தது.

“ஆரது?”

கொழும்பிலிருந்து டைரக்டர். தமிழும் ஆங்கிலமும் கலந்து, “நான் டைரக்டர் பேசறேன், நீங்க ஏன் சைன் பண்ணல்ல?” என்றது எங்களுக்கும் கேட்டது.

“டைரக்டர் எண்டு ஆரும் சொல்லலாம். போன வருசம் இங்க வந்தநேரம் என்ன சாப்பிட்டனீங்கள்?”

“அது... எனக்கு ஞாபகம் இல்ல.”

அண்ணை எங்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். மெல்லத் தட்டத்தை எடுத்தார். மனேஜர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். ‘டமார்!’ தொலைபேசிக்குள்ளிருந்து “மொகத மே!” என்று ஒரு அலறல். அதன்பின் ஒரு நிமிடம் மூச்சுவிடாமல் சிங்களத்தில் ஏச்சு. அண்ணை ரிசீவரைக் கையால் பொத்தினார். முகம் வெளிறியிருந்தது.

“இப்பிடி ஏச எங்கட டைரக்டரால மட்டும்தான் ஏலும். உண்மையிலயே அந்த ஆள்தான்!”

நாலு மணிக்கு ஏழு நிமிடம் இருக்கையில், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கிளிக் பண்ணினார். ‘நியமனம் ஏற்றுக்கொள்ளப்பட்டது’ என்று திரையில் வந்தது. நானா அவரைக் கட்டிப்பிடித்தார். அண்ணை கடிதத்தை முதல் வரியிலிருந்து திரும்ப வாசித்தார், இந்தத் தரம் கள்ளனைத் தேடாமல். “கொழும்பில எனக்குத் தெரியாம ஆரோ ஒருத்தர் இருக்கிறார் பிள்ளை” என்றார்.

திங்கட்கிழமை கொழும்பு மிஸ் எனக்கு ஒரு மெயிலை அனுப்பிவைத்தா. அண்ணை எழுதியது. ‘என் கடிதத்தைத் தமிழில் எழுதிய, பெயர் தெரியாத அன்பருக்கு’ என்று தொடங்கியது. ‘உங்களைக் கள்ளன் என்று நினைத்ததற்கு மன்னியுங்கள். நீங்கள் எப்போதாவது திருகோணமலைக்கு வந்தால் ஹோட்டலில் தங்கவேண்டாம். பாலையூற்றில் எங்கள் வீடு இருக்கிறது. என் மனைவி கணவாய்க் கறி நன்றாகச் சமைப்பாள். நீங்கள் யார் என்று கேட்காமலே கதவைத் திறப்பேன்.’

அடுத்த ஞாயிறு, மாதத்தில் ஒருநாள் போகிற வழக்கப்படி, அண்ணை வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். கதவைத் தட்டினேன். “ஆரது?” என்று கேட்டுத்தான் திறந்தார். கணவாய்க் கறி வைத்திருந்தார்கள். கொழும்பு அன்பரைப் பற்றியே அண்ணை கதைத்துக்கொண்டிருந்தார். ஆளைத் தெரியுமா என்று கேட்டார், தெரியாது என்றேன். அண்ணையின் மனைவி, எங்கள் அக்கா, இன்னொரு அகப்பை போட வந்தா. வழக்கமாகப் போதும் போதும் என்று கையால் மறிப்பேன். அன்றைக்கு மறிக்கவில்லை. அது எனக்கு வரவேண்டிய கறிதானே.