கொழும்பில் குடியிருந்த ரவுட்டர் அண்ணை

டொராண்டோவின் ஸ்கார்பரோவில் பனி வழித்துக்கொண்டு, இணையத்தில் மட்டும் கொழும்பில் குடியிருந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் ரவுட்டர் அண்ணை. சொந்தப் பெயர் வாடகை ஒப்பந்தத்தில் இருந்தது. அதை யார் படித்தது?

அங்கே வெக்ஸ்போர்ட் பகுதியில் அவர் வீட்டு பேஸ்மென்டில் நான் குடியேறியபோது மதுரையிலிருந்து வந்த புதிது. வீட்டுக்கு இணையம் தரும் ரவுட்டரை அவர் சாமியறையில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். பிள்ளையாருக்கு வெள்ளிக்கிழமைதான் பூ. ரவுட்டருக்குத் தினமும் தூசி தட்டுவார்.

வந்த அன்றே பிடித்துக்கொண்டார். “தம்பி, வீட்டுக்குள்ள எத்தினை போன், எத்தினை லப்டொப் இருந்தாலும் வெளியால ஒரே விலாசம்தான். எல்லாரும் ரவுட்டற்ற பேரிலதான் வெளிக்கிட வேணும். வாற பதிலை அவர்தான் ஆருக்கெண்டு பாத்துப் பிரிச்சுக் குடுப்பார்.” வீட்டையும் அப்படியேதான் நடத்தினார். எனக்கு வரும் பார்சல்கூட அவர் பெயரில்தான் வரவேண்டும்.

அந்த விலாசம் எந்த ஊரில் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லவில்லை. அண்ணைக்குக் கிரிக்கெட் பைத்தியம். அவர் ஊர் சானல் ஒன்று, இலங்கைக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் மேட்சைச் சும்மா காட்டும். “காசு குடுத்துப் பாக்கிறதெல்லாம் ஒரு கிரிக்கெட்டோ?” என்று, நாம் இருக்கும் ஊரை மாற்றிக் காட்டும் வி.பி.என் ஒன்றை ரவுட்டரிலேயே ஏற்றிவிட்டார். டிவியோடு சேர்ந்து மொத்த வீடும் கொழும்புக்குப் போய்விட்டது. என் லேப்டாப்பும்தான்.

என் அறையில் ஜன்னல் கிடையாது. லேப்டாப் முப்பத்தொரு டிகிரி வெயில் என்றது. நம்பி, மெல்லிய சட்டையோடு வெளியே போய் மூக்கு விறைத்துத் திரும்பினேன். பீட்சா தேடினால் கொழும்பு வெள்ளவத்தைக் கடைகள் வந்து நின்றன.

“அதுக்கென்ன, ஊர் நினைப்பு இருக்கட்டுமே!” என்றார் அண்ணை.

“அது உங்க ஊர் அண்ணே! எனக்கு மதுரை!”

“பக்கந்தானே தம்பி!”

சிரித்தது அதோடு சரி. ஒருநாள் காலையில் ஆபீஸ் என் கணக்கைப் பூட்டிவிட்டது. போன் டேட்டாவில் வீடியோ கால் போட்டேன். “நீ கொழும்பிலிருந்து வேலை பார்க்கிறாய். கனடாவுக்கு வெளியே இருந்து பார்க்க அனுமதி இல்லை” என்றார் மேனேஜர். நான் அப்போது ப்ரொபேஷனில் இருந்தேன். வேலை போனால் வொர்க் பெர்மிட்டும் போச்சு, மதுரைக்கு டிக்கெட் எடுக்க வேண்டியதுதான். இங்கேதான் சார் இருக்கிறேன் என்று கெஞ்சினேன். என் முதுகுக்குப் பின்னால் தெரிந்த வெறும் சுவரைப் பார்த்து, “இந்தச் சுவர் எந்த ஊரிலும் இருக்குமே” என்றார்.

பேஸ்மென்டில் பேசினால் ஹீட்டர் காற்று வரும் குழாய் வழியாக மேலே கேட்கும். மேலே டிவி சத்தம் சட்டென்று நின்றது. கொஞ்ச நேரத்தில் படியில் தடதடவென்று யாரோ இறங்கினார்கள். பார்த்தால் அண்ணை! இடுப்பில் கட்டிய சாரத்துக்குக் கீழே பனி பூட்ஸ், கையில் பனி அள்ளும் ஷவல் நிறையப் பனி. கேமராவுக்கு முன்னால் மேசையில் அப்படியே கொட்டினார்.

“கேளும் தம்பி! உது கொழும்பில எந்தக் கடையில விக்குதெண்டு கேளும்!”

நான் மொழிபெயர்ப்பதற்குள் மேனேஜர் சிரித்துவிட்டார். “கொழும்பைக் கழட்டிப்போட்டன். இப்ப ஏறிப் பாக்கச் சொல்லும்” என்றார் அண்ணை. கணக்கைத் திறந்துவிட்டார்கள். உள்ளே நுழைந்தேன். அவர்கள் திரையில் டொராண்டோ என்று விழுந்தது. “சரி, வேலையைப் பார்” என்று மேனேஜர் போனை வைத்தார்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அன்றைக்கு இலங்கை ஆடும் ஃபைனல். வி.பி.என்னைக் கழற்றினால் மேட்சும் போய்விடும்.

“அண்ணே, மேட்ச்?”

“கடைசி ஓவர். ஆறு ரன் வேணும்.”

“ஐயையோ! ஓடிப் போய்த் திரும்பப் போடுங்க!”

“விடும். உம்மட வேலை தப்பிட்டுதெல்லே? அப்ப நாங்கள் வெண்டிட்டம்.”

உருகி ஓடிய பனியைத் துடைத்துக்கொண்டே நான் அழுதுவிட்டேன். சொல்ல வெட்கமில்லை. மதுரையில் எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் ஒருவன் இருக்கிறான். தங்கமானவன். ஆனால் எனக்காகக் கடைசி ஓவரை விட்டுவிட்டு எழுந்து வரமாட்டான்.