கருடன் கட்சிக் கீரி

ஒரு காட்டில் முகூர்த்த மாதம் வந்துவிட்டால் வேலாண்டி என்கிற கீரிக்குச் சாப்பிடக்கூட நேரம் இருக்காது. அதற்குத் தொழில் கல்யாண போட்டோ. மான் வீட்டு நிச்சயதார்த்தம், முயல் வீட்டு வளைகாப்பு (அங்கே அது ஓயவே ஓயாது), எல்லாவற்றுக்கும் வேலாண்டிதான். கூடவே வீடியோ எடுக்கப் பரஞ்சோதி என்கிற அணில் போகும். இரண்டும் ஒரே இலையில் சாப்பிடுகிற அளவுக்குச் சிநேகம்.

அந்தக் காட்டில் கேமரா என்றால் இரண்டே கம்பெனி: கருடன், மின்மினி. வேலாண்டியின் அப்பா கழுத்தில் தொங்கியதும் கருடன், வேலாண்டி கழுத்தில் தொங்கியதும் கருடன். இரண்டு கட்சிக்கும் டீக்கடையே தனித்தனி. பெண் கொடுப்பதற்கு முன்னால், "மாப்பிள்ளை என்ன கேமரா?" என்று விசாரிப்பார்கள்.

ஒரு நாள் காலையில் அணில் புது மின்மினியோடு வந்து நின்றது. தப்பிப்போன பாம்பைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தது கீரி.

"என்ன மாப்ளே இது?"

"கருடனைத் தூக்கித் தூக்கிக் கழுத்து போச்சு மாமா. என் உடம்பைவிட அது கனம். இது கைக்கு அடக்கமா இருக்கு."

"கழுத்து போனா வைத்தியம் பார்க்கலாம். கொள்கை போனா?"

"நாம படம்தானே எடுக்கிறோம் மாமா?"

"நீ படம் எடு. நான் கருடன்ல எடுக்கிறேன்."

அன்றோடு பேச்சு நின்றது. அணிலின் குட்டிக்குக் காதுகுத்து நடந்தபோதும் வேலாண்டி போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து லென்ஸைத் துடைத்தது. துடைத்த லென்ஸையே மறுபடியும் துடைத்தது.

பிறகு கரடி வீட்டுக் கல்யாணம் வந்தது. பெரிய இடம் என்பதால் இரண்டுக்கும் அழைப்பு. கெட்டிமேளம் கொட்டியது. மாப்பிள்ளைக் கரடி தாலியைக் கையில் எடுத்தது. வேலாண்டி பட்டனை அமுக்கியது. கருடன் ஒரு முனகல் முனகிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது.

அணில் பார்த்துவிட்டது. தன் பையிலிருந்த இன்னொரு மின்மினியை எடுத்து நீட்டியது. "பிடி மாமா. முடிச்சு விழறதுக்குள்ள எடுத்துடு."

வேறு கதையாக இருந்தால் இந்த இடத்தில் கீரி கண்கலங்கி அதை வாங்கியிருக்கும். வேலாண்டி கையைப் பின்னால் கட்டிக்கொண்டது.

"மின்மினியில எடுத்தா அந்தத் தாலி நிக்காது" என்றது.

பெண்ணைப் பெற்ற கரடியின் காதில் அது விழுந்தது. பந்தலைத் தாண்டி, ஓடையைத் தாண்டி விரட்டியது. வேலாண்டி மூச்சிரைக்கக் கருடன் சர்வீஸ் சென்டரில் போய் விழுந்தது. கவுண்டரில் இருந்த கொக்கு கேமராவைத் தொடக்கூட இல்லை.

"எல்லாரும் போன்லயே படம் எடுக்கிறாங்க சார். கம்பெனி கேமராவை நிறுத்திடுச்சு. இனிமே கிரைண்டர்தான்."

வேலாண்டி சுவரில் சாய்ந்து அழுதது. கொக்கு தண்ணீர் கொடுத்தது. குடித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கருடன் கிரைண்டரா?" என்று கேட்டது.

"அசல் கருடன் சார்."

"ஒண்ணு பேக் பண்ணுங்க."

வீட்டில் அதன் மனைவி கோதை தலையில் கைவைத்தது. "இதுல எப்படிங்க போட்டோ எடுப்பீங்க?"

"போட்டோ யார் வேணா எடுக்கலாம். இந்த மாவைப் பாரு. என்ன டீடெயில்!"

கருடன் கட்சி மொத்தமும் கிரைண்டர் வாங்கியது. மின்மினி கட்சி விழுந்து விழுந்து சிரித்தது. மின்மினி கம்பெனியும் கேமராவை விட்டுவிட்டு இட்லிப் பானைக்கு மாறும்வரை சிரித்தது.

இப்போது பாதி வீடுகளில் மாவு, பாதி வீடுகளில் பானை. தோசைக்கல் செய்ய அந்தக் காட்டில் கம்பெனி கிடையாது. கருடன் கட்சி மாவைக் கரைத்துக் குடித்தது. மின்மினி கட்சி வெறும் தட்டை அவித்து, ஆவியை முகர்ந்துவிட்டு ஏப்பம் விட்டது. இதைவிட ருசி உலகத்தில் இல்லை என்று இரு தரப்பும் சத்தியம் செய்தன.

வேலாண்டிக்கு வயிறு புளித்துக் கல்லாகிவிட்டது. ஒரு மத்தியானம், யாருக்கும் தெரியாமல் மாவைக் கொட்டிவிடலாம் என்று தூக்குவாளியோடு பாறைக்குப் பின்னால் போனது. அங்கே சுள்ளி மூட்டி, பானையில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது பரஞ்சோதி. இளைத்துப்போய் வால் மட்டும்தான் மிச்சம்.

கீரி பானையைப் பார்த்தது, அணில் வாளியைப் பார்த்தது. கீரி வாளியை முன்னால் தள்ளியது. அணில் தட்டை எடுத்து வைத்தது.

முதல் இட்லியை விழுங்கிவிட்டுக் கீரி கேட்டது: "வீட்ல எல்லாரும் எப்படி இருக்காங்க மாப்ளே?"

"பசியாத்தான் இருக்காங்க மாமா."

"அப்போ இன்னும் ரெண்டு ஈடு ஊத்து. கட்டிக்கிட்டுப் போ."

அன்று சாயங்காலம் கருடன் டீக்கடையில் நின்று, "அதெல்லாம் ஒரு பானையா? ஓட்டை டப்பா!" என்று கத்தியது வேலாண்டி. "புளிச்ச மாவு கோஷ்டியெல்லாம் பேசக்கூடாது!" என்று எதிர்க்கடையிலிருந்து சீறியது பரஞ்சோதி. இரண்டு கட்சியும் கைதட்டின. அந்தச் சத்தத்துக்கு நடுவில், நாளைக்குச் சட்னி யார் கொண்டுவருவது என்று இரண்டும் சைகையிலேயே பேசி முடித்தன.

நீதி: கொள்கையை நாலு பேர் பார்க்கக் காப்பாற்று, இட்லியைப் பாறைக்குப் பின்னால் போய்ச் சாப்பிடு.