ஃப்ரிட்ஜின் விலை

"யாரோ இரும்புக்கலப்பைங்கிற பேருல எழுதியிருக்கான், அங்கிள். நான் பனியில சறுக்கத் தெரியாத ஃப்ரிட்ஜாம்" என்றான் டெவ்லின், கைப்பேசியைப் பார்த்தபடி.

ஆர்லோ கோசாக்குக்குக் காப்பி புரையேறியது. அந்த இரும்புக்கலப்பை அவர்தான்.

பைசன்ஸ் ஐஸ் ஹாக்கி அணி தன் கேப்டனை வேறு ஊருக்குக் கொடுத்துவிட்டு, நாளைக்குப் பெரிய ஆளாவான் என்ற நம்பிக்கையில் இந்தப் பதினேழு வயதுப் பையனை வாங்கியிருந்தது. 'தங்கத்தைக் கொடுத்து ஃப்ரிட்ஜை வாங்கிட்டானுங்க' என்று ரசிகர்களின் இணையப் பக்கத்தில் புனைபெயரில் கொட்டித் தீர்த்தார் ஆர்லோ. வெளியூர் ஆட்டக்காரர்களை உள்ளூர்க் குடும்பங்கள் வீட்டோடு வைத்துக்கொள்வது கனடாவின் சஸ்காச்சுவான் பக்கத்து வழக்கம். அந்த வாரமே அவர் மனைவி வெர்னா, ஃப்ரிட்ஜைக் கையோடு வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டாள்.

வந்தவனோ சொல்லாமலே வாசல் பனியை வாரித் தள்ளினான். சாப்பிட்ட தட்டைக் கழுவினான். சில வாரங்களிலேயே ஆர்லோவுக்கு அவன்மேல் உயிர்.

இன்று பான்கேக்கைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான்.

"என்னங்க, பையன் சரியா சாப்பிடலையே?" என்றாள் வெர்னா, சாக்ஸ் பின்னிக்கொண்டே.

"எனக்கென்ன தெரியும்!"

ஆர்லோவுக்கு மனசு கேட்கவில்லை. அதே இணையப் பக்கத்தில் 'பனிமான்' என்று இன்னொரு பெயரில் நுழைந்தார். 'பயல் ஃப்ரிட்ஜ் இல்லை, கோட்டைச்சுவர். இந்த வியாபாரத்தில் ஜெயித்தது நாம்தான்' என்று அளந்துவிட்டார். ரசிகர்களைக் கேட்கவா வேண்டும்? நேற்றுவரை திட்டியவர்களே அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். காப்பிக்கடையில், எதற்கும் குறை சொல்லும் நண்பர் க்ளூத்தியே, "அவன் ஒருத்தன் மூணு கேப்டனுக்குச் சமம்யா!" என்று மேசையைத் தட்டினார்.

வாரக் கடைசியில் அதே பக்கத்தில் ஒரு குண்டு விழுந்தது. ரெட்வில்லோ அணி டெவ்லினைக் கேட்கிறதாம். பதிலுக்கு இரண்டு ஆட்டக்காரர்களாம்!

"இப்பதான் அங்கிள், இந்த வீட்டுல ஸ்பூன் எங்க இருக்குன்னு பழகினேன்" என்றான் பையன்.

ஆர்லோ கைப்பேசியை எடுத்தார். எப்படியாவது விலையை இறக்க வேண்டும்; அப்போதுதான் ரெட்வில்லோ வேண்டாமென்று விடும். மறுபடி இரும்புக்கலப்பையானார். 'பனியில் ஒரு பக்கம் திரும்பவே அவனுக்கு அரை நாள் ஆகிறது. ஓசியில் கொடுத்தாலும் வேண்டாம்.'

'பனிமான் அண்ணே, இவனைச் சும்மா விடாதீங்க!' என்று கூட்டம் கொதித்தது. பனிமான் சும்மா இருந்தால் சந்தேகம் வருமே! ஞாயிறு முழுக்கத் தன்னோடு தானே சண்டை போட்டார் மனுஷன்.

அதையும் படித்த டெவ்லின், பெட்டியில் துணி அடுக்கத் தொடங்கினான். "விலை ஏறினாலும் அனுப்பிடுவாங்க, இறங்கினாலும் அனுப்பிடுவாங்க, அங்கிள்."

அதற்கு மேல் ஆர்லோவால் தாங்க முடியவில்லை. கோட்டுகூட மாட்டாமல் அரங்கத்துக்கு ஓடினார். அணி மேலாளர் மெர்வின் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார்.

"மெர்வின், கலப்பையும் நான்தான், பனிமானும் நான்தான். ரெண்டும் வெறும் கதை. அவனைக் குடுத்துடாதீங்கய்யா. ஆடத் தெரியலைன்னாலும் பரவாயில்ல, அவன் எங்க வீட்டுப் பையன்!"

மெர்வின் நிதானமாக வாயைத் துடைத்துக்கொண்டார்.

"ரெட்வில்லோ கேக்கவே இல்லையே, ஆர்லோ. அந்தப் புரளியைக் கிளப்பினது உங்க வெர்னா. பையனும் கூட்டு. உங்க வாயாலயே உண்மை வரணும்னுதான். நீங்க ஓடி வருவீங்கன்னு காலையிலயே போன் பண்ணிட்டாங்க."

"வெர்னாவா? அவளுக்கு ஹாக்கின்னா என்னன்னே தெரியாதே!"

"தெரியாமதான் இருக்கட்டும். 'ஃப்ரிட்ஜ்னு எழுதினது என் வீட்டுக்காரர்தான், அந்தப் பையனை எங்க வீட்டுக்கே குடுங்க'ன்னு அன்னைக்கே வந்து கேட்டு வாங்கிட்டுப் போனது அவங்கதானே!"