சூசையப்பர் பட்டறையில் ஒரு மெழுகுதிரி

சிவகாசி வட்டாரத்து ஜனங்கள் அத்தனை பேரும் பயப்பட வேண்டிய பயத்தை ஒற்றை ஆளாகப் பயந்து தீர்த்தவர் வாளி அண்ணாச்சி. அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் எங்கள் அச்சகத்தில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. படம் வரைய உட்கார்ந்தால் வலது பக்கம் தண்ணீர் வாளி, இடது பக்கம் மணல் வாளி. அந்தத் தண்ணீரில் யாராவது கை கழுவிவிட்டால் போதும், "ஏலே, அது அவசரத்துக்கு வச்சிருக்கதுலே!" என்று கத்துவார்.

இரண்டாயிரம் பிறந்த புதிது. நான் அங்கே காலண்டருக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் படம் வரைபவர். டீக்கடையில் ஸ்டவ்வுக்கு முதுகு காட்டி உட்கார மாட்டார். என் அக்கா மகன் பிறந்தநாளுக்கு வந்தவர், பிள்ளை ஊதுவதற்குள் கேக் மேலிருந்த மெழுகுதிரியை விரலால் நசுக்கி அணைத்துவிட்டு, "ஊதுனா பொறி பறக்கும்" என்று விளக்கம் வேறு சொன்னார். பிள்ளை அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. தீபாவளியன்று ஊரே வெடி வெடிக்க, இவர் மட்டும் காலையிலேயே பஸ் ஏறி வெம்பக்கோட்டை அணைக்கரைக்குப் போய்த் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

காரணம் இல்லாமல் இல்லை. அவர் மனைவி பாக்கியம் அக்காவுக்கு வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குள் மருந்து செலுத்துகிற வேலை. சாயங்காலம் கம்பெனி வண்டி வந்து அக்கா இறங்குகிற வரைக்கும் அண்ணாச்சிக்கு நேராக ஒரு கோடு வராது.

அந்த மனிதருக்குத்தான் இன்னொரு கைவேலை இருந்தது. ஐரோப்பாவில் முந்நூறு நானூறு வருடங்களுக்கு முன்பு வரைந்த வேதப் படங்களைப் பார்த்து, எண்ணெய் வர்ணத்தில் அப்படியே எழுதிக் கொடுப்பார். முக்கால்வாசி இருட்டு, ஒரு மூலையில் மட்டும் வெளிச்சம். அந்தப் பாணிக்குப் பரோக் என்று பெயராம். எங்களுக்கு இருட்டுப் படம். விருதுநகர் வியாபாரி ஒருவர் வாங்கிக்கொண்டு போய் எங்கெங்கோ விற்றுவிடுவார். தான் எழுதிய ஒரு படத்தையாவது ஒரு சுவரில் மாட்டிப் பார்த்ததில்லை என்பது அண்ணாச்சியின் தீராத குறை.

எங்கள் பங்கில் புதுக் கோவில் கட்டி முடித்தபோது, பீடத்துக்குப் பின்னால் வைக்க யேசுவின் வளர்ப்புத் தந்தையான தச்சர் சூசையப்பரின் படம் ஒன்று வேண்டுமென்று பங்குத்தந்தை சொன்னார். "நம்ம அண்ணாச்சி இருக்காக ஃபாதர்" என்று நான்தான் முந்திரிக்கொட்டையாக வாயைக் கொடுத்தேன். ஃபாதர் ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்தார். பட்டறையில் சூசையப்பர் குனிந்து மரத்தில் துளை போடுகிறார்; குழந்தை யேசு மெழுகுதிரி பிடித்து வெளிச்சம் காட்டுகிறார்.

அண்ணாச்சி அதைப் பார்த்ததும் முகம் வெளிறிப் போனார்.

"ஏன் தம்பி, இது மரப் பட்டறைதானே? தரையெல்லாம் சீவல் கெடக்கு. சின்னப்பய கையில தெறந்த தீ! பெரியவரு பாத்துக்கிட்டு இருக்காரே!"

"அண்ணாச்சி, அது ஆண்டவரு."

"இருக்கட்டும். அது சீவலுக்குத் தெரியுமா?"

மே தினத்தன்று சூசையப்பர் திருநாள். அதற்கு ஒரு மாதம் முன்பே படம் வந்தது. துணியை விலக்கினால் குழந்தை யேசு கையில் மூன்று கட்டை டார்ச் லைட்!

"நாசரேத்துல பேட்டரி யாருய்யா வித்தா?" என்றார் ஃபாதர்.

"மெழுகுதிரி மட்டும் வித்தாகளா சாமி?"

ஃபாதர் சிரித்துவிட்டார். ஆனாலும் படம் திரும்பிப் போனது. அடுத்த தடவை டார்ச்சும் இல்லை, திரியும் இல்லை. கரண்டு போன வீட்டில் சுவிட்சைத் தேடுகிற பிள்ளை மாதிரி யேசு வெறுங்கையை நீட்டிக்கொண்டு நின்றார். "இன்னும் ஒரே வாரம். வரலைன்னா மெட்ராஸ்ல அச்சடிச்ச படத்த வாங்கி மாட்டிருவேன்" என்று ஃபாதர் முடித்துவிட்டார். அண்ணாச்சியோ தூரிகையைத் தூக்குவார், திரியின் நுனிவரை கொண்டுபோவார், கீழே வைத்துவிடுவார். கைக்கு எட்டியது சுவருக்கு எட்டாமல் போய்விடும் போலிருந்தது.

அந்த வாரத்தில் ஒரு மத்தியானம் வெம்பக்கோட்டைத் திசையிலிருந்து 'டம்' என்று ஒரு சத்தம். அச்சகமே வாசலுக்கு ஓடி வானத்தைப் பார்த்தது. அண்ணாச்சி இரண்டு வாளியையும் தூக்கிக்கொண்டு என் மொபெட்டில் பின்னால் ஏறிவிட்டார். "வெரசாப் போ தம்பி!" என்பார். அடுத்த நொடியே, "மெதுவாப் போ, தண்ணி சிந்துது!" என்பார். என் முதுகெல்லாம் தண்ணீர், காலெல்லாம் மணல். இப்போது சொல்லும்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு நான் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

கம்பெனி வாசலில் பெண்கள் கூடி நின்றார்கள். நடுவிலிருந்து பாக்கியம் அக்கா வந்தார்.

"குவாரில பாறைக்கு வெடி வச்சிருக்கான். நீங்க எங்க வாளியும் கையுமா? இங்கன என்ன தண்ணிப் பஞ்சமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாச்சி அப்படியே மண்ணில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அக்காவின் சிரிப்பு நின்றது. அவர் கையிலிருந்த வாளிகளை வாங்கிக் கீழே வைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவே ஒரு மெழுகுதிரியை ஏற்றிப் பிடித்துக்கொண்டு படத்துக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார். மறு கையைச் சுடருக்கு முன்னால் மறைப்பாக வைத்துக்கொண்டார்.

"வரைங்க."

"என்னால முடியாது புள்ள."

"தீயப் பாக்க வேணாம். என் விரலப் பாத்து வரைங்க."

திருநாளன்று ஃபாதர் திரையை விலக்கினார். இருட்டுப் பட்டறை, குனிந்த சூசையப்பர், குழந்தையின் கையில் மெழுகுதிரி. சுடரை மறைத்த விரல்கள் வழியே வெளிச்சம் சிவப்பாகக் கசிந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அதற்குள் ஃபாதர் என் காதருகே குனிந்தார். "ஏம்ப்பா, யேசு நகத்துல என்ன அது? அழுக்கா?"

உற்றுப் பார்த்தேன். நகக்கண்ணெல்லாம் வெள்ளிச் சாம்பல் நிறம். எந்தச் சோப்புக்கும் போகாத பட்டாசு மருந்துப் பொடி. அண்ணாச்சி அக்காவின் விரலைப் பார்த்து வரைந்திருக்கிறார், ஒன்றையும் விடாமல்! போச்சு, மறுபடியும் மெட்ராஸ்தான் என்று நினைத்தேன்.

முன்வரிசையில் பட்டாசுக் கம்பெனிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். படத்தைப் பார்த்தார்கள். மடியில் கிடந்த தங்கள் கைகளைப் பார்த்தார்கள். பாக்கியம் அக்கா மட்டும் கைகளை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டிருந்தார். ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம் சத்தமாகவே சொன்னாள்.

"ஏ புள்ள, சேசுவும் நம்ம கம்பெனிதான்."

ஃபாதர் நகத்தைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை.

அண்ணாச்சியைத் தேடினேன். உள்ளே அத்தனை மெழுகுதிரி எரியும்போது எப்படி வருவார்? வாசலுக்கு வெளியே செருப்புகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

"படத்த எறக்கிட்டாகளா தம்பி?"

அந்தப் பெண் சொன்னதைச் சொன்னேன். அண்ணாச்சி செருப்பைக் கழற்றினார். இரண்டு பக்கமும் எரிந்த திரிகளுக்கு நடுவே, உடம்பை ஒடுக்கிக்கொண்டு, வியர்த்து வழிய நடந்து போய் அக்காவுக்குப் பக்கத்தில் நின்று சுவரை அண்ணாந்து பார்த்தார். ஊரே படத்தைப் பார்த்தது. நான் அந்த மனுஷரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.