அடிபம்பில் கட்டிய பேத்தி

உ
மண்ணூர்பேட்டை,
25.1.93

நூம்பல் வேம்புலியம்மாள் அவர்களுக்கு, சம்மந்தி என்று எழுதலாமா கூடாதா என்று தெரியாத பொன்னியம்மா எழுதுவது. இங்கு நான், மகன் நாகேந்திரன், மருமகள், பேத்தி வனஜா எல்லோரும் சுகம். உங்கள் சுகத்தைக் கேட்கத்தான் வாய் வரவில்லை.

நேற்று வனஜாவுக்குப் பூ வைக்க வந்தீர்கள், வைக்காமல் தாம்பாளத்தோடு திரும்பிவிட்டீர்கள். உங்கள் நாத்தனார் குப்பம்மா, "அய்யய்யோ, பேய் புடிச்ச பொண்ணு, ஒயர் போட்டுக் கட்டி வச்சிகீறாங்கோ!" என்று கத்தினது நாலு தெருவுக்குக் கேட்டது. கட்டினது நான்தான், மறைக்கவில்லை. ஆனால் பேய்க்குக் கட்டவில்லை. அஞ்சாவது வரைக்கும் படித்தவள் நான். பேய்க்கு வேப்பிலை, கரண்டுக்கு ஒயர் என்று எனக்குத் தெரியாதா?

வனஜாவைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கும். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் டிவி கம்பெனிக்குப் போனதிலிருந்துதான் இப்படி. அவள் சூப்பர்வைசர் கலியமூர்த்தியை ஊட்டுக்கே கூப்பிட்டு, "எங்க பொண்ணுக்கு மட்டும் இன்னா சார் கீது?" என்று கேட்டேன். "நோயெல்லாம் இல்ல பாட்டிம்மா. ஏசி ரூம்புல காஞ்ச காத்து, வறண்ட தோலு, நைலக்ஸ் பொடவை, ரப்பர் செருப்பு. நடக்க நடக்க உரசி உடம்புல கரண்ட் சேருது. எறங்க வழியில்ல, தொட்ட எடத்துல குதிச்சிடுது. சிலருக்குச் சேரும், சிலருக்குச் சேராது" என்றார். டிவிக்குள்ளே இருக்கிற சாமானெல்லாம் அந்தக் கரண்டு பட்டால் செத்துப்போகுமாம், அதனால் கம்பெனியில் மணிக்கட்டுக்கு ஒரு பட்டை மாட்டி, அதிலிருந்து ஒயரைப் பூமிக்கு விட்டுத்தான் வேலை செய்ய விடுகிறார்களாம். எல்லாப் பெண்களுக்கும் அப்படித்தானாம், ஆனாலும் என் பேத்திக்குத்தான் அது எடுப்பாக இருக்கிறதாம். பருத்திப் புடவை கட்டுடி என்றால், "போ ஆயா, அதுக்கு யாரு கஞ்சி போடுறது" என்கிறாள்.

சனிக்கிழமை பக்கத்து ஊட்டு பத்மா அவளுக்குத் தலை பின்ன வந்து, அலறிக்கொண்டு சீப்பை வீசினாள். நாளைக்கு நீங்கள் பூ வைக்கும்போது இப்படி அடித்தால் என்ன சகுனம் என்று, அந்தப் பட்டையை வாங்கி வரச் சொல்லி மாட்டி, ஒயரை ஜமக்காளத்துக்கு அடியில் விட்டு, ஜன்னல் வழியாக வெளியே எடுத்து அடிபம்பில் கட்டினேன். நூறடி ஆழ பம்பு, எவ்வளவு கரண்டு வந்தாலும் குடிக்கும். உட்கார்ந்த வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. உங்க கால்ல விழுவாளே, அதுக்கு ஒயர் எட்டுமான்னு பாக்க மறந்துட்டேன், அதான் தப்பு. அவள் குனிய, ஒயர் கையைப் பின்னால் இழுக்க, ஜமக்காளம் தூக்கிக்க, குப்பம்மா கண்ணு அங்க போச்சு.

என் பேத்தி தங்கம். உங்கள் மகன் உத்தமன் வேலை செய்கிற கம்பெனி வாசலும் இவள் கம்பெனி வாசலும் எதிரெதிரே. இருந்தும் நேற்று வரைக்கும் அந்தப் பையனை நிமிர்ந்து பார்த்தவள் இல்லை. இப்படிப்பட்ட பொண்ணு நூம்பலிலே கிடைக்குமா, சொல்லுங்கள். நேற்றிலிருந்து ஒருவாய் சோறு தின்னாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். தை முடிவதற்குள் வாருங்கள். இந்த முறை பருத்திப் புடவைதான், வெறுங்கால்தான், தலை முதல் கால் வரை நல்லெண்ணெய். ஒயர் கிடையாது.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் கும்பிடு, சின்னவர்களுக்கு என் ஆசி. குப்பம்மாவுக்கு இரண்டும் இப்போதைக்கு இல்லை.

இப்படிக்கு,
பொன்னியம்மா

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது உங்கள் மகனே சைக்கிளில் வந்து நிற்கிறான். "அம்மாவ நான் பாத்துக்கறேன் ஆயா. அந்த ஷாக்கு ஒண்ணியும் செய்யாது. மொதல்ல சுள்ளுனு இருக்கும், ரெண்டு மாசத்துல பழகிடும்" என்கிறான். "உனக்கு எப்படிப்பா தெரியும்?" என்றேன். பையன் சைக்கிள் பெல்லைத் துடைக்க ஆரம்பித்துவிட்டான். உள்ளே வனஜா ரெண்டாம் தடவை சோறு போட்டுக்கொள்கிறாள். ஆகையால் மேலே, நிமிர்ந்து பார்த்தவள் இல்லை என்கிற வரியை மட்டும் அடித்துவிட்டுப் படிக்கவும். கடுதாசியை அவன் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். தை முடிகிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், நாளைக்கே பூவோடு வாருங்கள்.