வழக்குச் சொத்து முளைவிட்ட வரலாறு

அரசாங்கம் எதையும் தொலைப்பதில்லை. ஒரு பொருள் காணாமல் போனால், அது தங்களிடம் வரவே இல்லை என்று காட்டப் பதிவேடு இருக்கிறது. பதிவேட்டில் ஏறிவிட்ட பொருளோ உலகம் அழிந்தாலும் அப்படியே இருந்தாக வேண்டும். இந்த உயரிய கொள்கையின் மீதுதான் போதைப்பொருள் தடுப்புத் துறையின் வழக்குச் சொத்து அறை கட்டப்பட்டிருந்தது. மேலே என்னவோ தகரக் கூரைதான்.

அலுவலகத்தின் பின்பக்கம், சைக்கிள் நிறுத்தும் இடத்துக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில் இருந்த அந்த அறையைக் காப்பாளர் இருபத்தொன்பது வருடங்களாகப் பூட்டித் திறந்துவந்தார். ஒரு ஜன்னல், அதில் ஒரு கண்ணாடி உடைந்து அட்டை ஒட்டியிருக்கும். ஒரு எடை மேடை. ஒரு நாற்காலி, மூன்று கால் அரசாங்கத்தினுடையது, நாலாவது கால் அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்து அடித்தது. மனிதர் ஒரு தூசியைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. நாற்பது நாளில் ஓய்வு பெறப் போகிறார். அதற்கு முன் தணிக்கை வரும். பதிவேட்டில் உள்ளது அறையிலும் இருந்தால் பொறுப்பு ஒப்படைப்புச் சான்று கிடைக்கும். சான்று கிடைத்தால் ஓய்வூதியம். இல்லாவிட்டால் அவர் மேலேயே ஒரு வழக்கு.

ஆகவே ஒரு திங்கட்கிழமை காலை, அறையிலேயே பெரிய வழக்கான கஞ்சா மூட்டைகள் ஆறையும் எடை மேடையில் ஏற்றினார். ஏற்றிவிட்டு மேடையை உதைத்துப் பார்த்தார். மேடை சரியாகத்தான் இருந்தது. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாக, நூற்றுப் பன்னிரண்டு கிலோ நானூறு கிராம் எண்பத்து மூன்று கிலோவாகி இருந்தது.

அதிகாரி அறைக்கு ஓடினார். அதிகாரி வயதில் சின்னவர், தலையில் கொட்டியது போக மிச்சமிருந்த முடிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். கஞ்சா விதை எண்ணெய்தான். பெரிய கடைகளில் பச்சை இலை படம் போட்ட புட்டியில் விற்றார்கள், நாகரிகமானவர்கள் எல்லோரும் தேய்த்தார்கள். விதையில் தப்பில்லை, இலையில்தான் தப்பு என்று சட்டம் தெளிவாகச் சொல்லியிருந்தது.

"எடை குறையுது சார்."

"யாருக்கு?"

"வழக்குச் சொத்துக்கு. இருபத்தொம்பது கிலோவுக்கு மேல காணோம்."

"பதிவேட்டுல எவ்வளவு இருக்கு?"

"பதிவேட்டுல அப்படியேதான் இருக்கு."

"அப்ப பதிவேடு சரி. மூட்டைதான் தப்பு பண்ணுது."

"மூட்டை மேல தப்பில்ல சார். லாரியைப் பிடிச்ச அன்னைக்குப் பேய் மழை. தார்ப்பாய் கிழிஞ்சு சரக்கு முழுக்க ஊறிப்போச்சு. ஈரத்தோட எடை போட்டு எழுதிட்டோம். மூணு வருஷம் தகரத்துக்கு அடியில கிடந்து காய்ஞ்சிருக்கு. காய்ஞ்சுதுன்னே எழுதிக் குடுத்துடட்டுமா?"

அதிகாரி எண்ணெய்ப் புட்டியை மூடி வைத்தார்.

"நூறு கிலோவுக்கு மேல பிடிச்சதுக்குத்தான் எனக்குப் பதக்கம் குடுத்தாங்க. நீங்க எண்பத்து மூணுன்னு எழுதினா நான் பதக்கத்துல ஒரு பக்கத்தை அறுத்துத் திருப்பிக் குடுக்கணுமா?"

"அப்ப எலி தின்னுடுச்சுன்னு எழுதலாமா சார்?"

"பக்கத்து வட்டத்துல எழுதினாங்க. எத்தனை எலி, தின்ன பிறகு அதுங்க எப்படி நடந்துகிட்டுது, மருத்துவச் சான்று எங்கேன்னு மேலிடத்துல கேட்டுட்டாங்க. அந்த ஆள் இன்னும் எலி தேடிக்கிட்டு இருக்கார்."

பிறகு விதிப் புத்தகத்தை எடுத்தார். அதில் பதினான்காவது விதி, மூன்றாம் உட்பிரிவு, கைப்பற்றப்பட்ட பொருள் கைப்பற்றப்பட்ட அதே நிலையில் பராமரிக்கப்பட வேண்டும் என்று சொல்லியது.

"கைப்பற்றினப்ப எந்த நிலையில இருந்தது?"

"நனைஞ்ச நிலையில."

"அதைக் காய விட்டது யாரு?"

காப்பாளருக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று வருடமாக, தனக்கே தெரியாமல், ஒவ்வொரு வெயில் நாளிலும் விதியை மீறி வந்திருக்கிறார். மாலைக்குள் எழுத்துபூர்வமான ஆணை வந்தது. மேற்படி பொருளின் ஈர நிலையை மீட்டெடுத்துத் தக்கவைக்கும் பணி, காப்பாளரின் நேரடிப் பொறுப்பில், நாள்தோறும் மேற்கொள்ளப்பட வேண்டும்.

மறுநாள் அவர் வேலைக்குக் கிளம்பியபோது மனைவி வழிமறித்தாள்.

"பூவாளியை எங்கங்க எடுத்துட்டுப் போறீங்க?"

"ஆபீஸுக்கு."

"ஆபீஸ்ல செடி இருக்கா?"

"இல்ல. வழக்கு இருக்கு."

முப்பது வருடம் குடும்பம் நடத்தியவளிடம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? விஷயத்தைச் சொன்னார். அவளுக்கு எண்ணெயும் தெரியாது, பதக்கமும் தெரியாது. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"அந்த லாரி டிரைவர் என்ன ஆனாரு?"

"மூணு வருஷமா உள்ள இருக்கார். விசாரணைக் கைதி."

"எடை குறைவுன்னு எழுதினா?"

"நூறு கிலோவுக்குக் கீழன்னா ஒரு வருஷம்தான். அன்னைக்கே வீட்டுக்குப் போயிடுவார்."

"குறையலைன்னா?"

"பத்து வருஷம்."

"தண்ணிக்குப் பத்து வருஷமா?"

"தண்ணிக்கு இல்லம்மா. பதிவேட்டுக்கு."

"நீங்க நல்லவர்னு நினைச்சுத்தான் இத்தனை வருஷம் உங்க கூட இருக்கேன்," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். காப்பாளர் பூவாளியைக் கீழே வைக்கவில்லை.

டிரைவரை அவருக்கு நன்றாகவே தெரியும். வாய்தாவுக்கு வாய்தா மூட்டைகளோடு நீதிமன்ற வராந்தாவில் காத்திருக்கும்போது, மூட்டைகளை ஏற்றி வந்தவனும் விலங்கோடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். நாற்பது வயது, இரண்டு பெண் குழந்தைகள். "மூட்டையில என்னன்னு கேட்டா லோடு கிடைக்காதுண்ணே," என்பான். கேட்காமல் ஏற்றினான், கிடைத்தது. சரக்குக்குச் சொந்தக்காரர் குற்றப்பத்திரிகையில் 'அடையாளம் தெரியாத நபர்' என்று மரியாதையாகக் குறிப்பிடப்பட்டிருந்தார்.

ஈர நிலை மீட்பு தொடங்கியது. காலையில் பத்து பூவாளி ஊற்றினால் மாலைக்குள் பாதி ஆவியாகிவிடும், மறுபடி ஊற்ற வேண்டும். ஒரு வாரத்தில் எடை நூற்றுப் பன்னிரண்டு கிலோ நானூறு கிராமைத் தொட்டது. வெள்ளிக்கிழமை வந்தது, பின்னால் நாலு நாள் விடுமுறை. காய்ந்துவிடப் போகிறதே என்று ஒரு பங்கு கூடுதலாகவே ஊற்றிவிட்டுப் போனார்.

அந்த நாட்களில் ஊரெல்லாம் ஒரே பேச்சு, கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கலாமா கூடாதா என்பதுதான். அரசு ஏழு பேர் கொண்ட உயர்மட்டக் குழு அமைத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. குழுவில் மருந்து என்று சொல்ல ஒரு டாக்டர் இருந்தார், விஷம் என்று சொல்ல இன்னொரு டாக்டர் இருந்தார், ஐம்பத்திரண்டு வயதில் ஒரு இளைஞர் பிரதிநிதியும் இருந்தார். தொலைக்காட்சி விவாதங்களில் ஒரு சானலில் எதிர்த்தவர் மறு சானலில் நாற்காலி காலியாக இருந்ததால் ஆதரித்தார். அந்த இலையைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டால் ஆயிரம் பேர் திரும்பிப் பார்த்தார்கள், சட்டைப் பையில் வைத்திருந்தால் போலீஸ் மட்டும் பார்த்தது. குழு இரண்டு வருடத்தில் ஒரு தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. முடிவெடுக்கும் முன் பொருளை ஒருமுறை நேரில் பார்ப்பது நல்லது என்பதே அது. ஏழு பேரில் ஒருவரும் அதுவரை கஞ்சாவைக் கண்ணால் கண்டதில்லை என்று குறிப்பில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார்கள்.

விடுமுறை முடிந்து கதவைத் திறந்த காப்பாளர் வாசலிலேயே நின்றுவிட்டார். இரண்டு மூட்டைகளில் பூஞ்சணம் பூத்திருந்தது. மிச்ச நாலிலும் சாக்கின் கண்களைப் பிளந்துகொண்டு பச்சைப்பசேலென்று விரல் உயரத்துக்குச் செடி. ஜன்னல் பக்கம் எல்லாமே ஒழுங்காகத் தலை சாய்த்திருந்தன. அவருக்கு முதலில் தோன்றியது, பதிவேட்டில் உயரத்துக்குக் கட்டம் இல்லையே என்பதுதான்.

அதிகாரி வந்து பார்த்தார்.

"யார் இதுக்குத் தண்ணி ஊத்தினது?"

"நீங்க ஆணை போட்டீங்களே சார்."

"ஈர நிலையை மீட்டெடுக்கச் சொன்னேன். விவசாயம் பண்ணச் சொன்னேனா?"

"பிடுங்கிடட்டுமா?"

"பிடுங்கினா சாட்சியத்தை அழிச்ச குற்றம்."

"அப்ப விட்டுடட்டுமா?"

"விட்டா பயிரிட்ட குற்றம். கடத்தினவனுக்குப் பத்து வருஷம், பயிரிட்டவனுக்கு இருபது."

வேலியே பயிரை மேய்ந்தால் என்ன செய்வது என்று நம் பெரியவர்கள் யோசித்திருக்கிறார்கள். வேலியே பயிர் வைத்தால் என்ன செய்வதென்று ஒருவரும் சொல்லிவிட்டுப் போகவில்லை. அதிகாரியும் காப்பாளரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றபோது வாசலில் வரிசையாகக் கார்கள் வந்து நின்றன. உயர்மட்டக் குழு. பூட்டைத் தேடுவதற்குள் தலைவர் அம்மையார் உள்ளேயே வந்துவிட்டார்.

"இது என்ன?"

"வழக்குச் சொத்து மேடம்," என்றார் காப்பாளர். "நிலுவையில இருக்கு."

"வளருதே?"

"நிலுவையில இருக்கிறது எல்லாமே இங்க வளரும் மேடம்."

அம்மையார் குனிந்து ஒரு இலையைத் தொட்டுப் பார்த்தார். ஏழு பேரும் முதல்முறையாகப் பார்த்தார்கள். முதல்முறையாகப் பார்ப்பவர்களில் நாலு பேர், இது நல்ல ரகம்தான் என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள்.

"இதைத்தானே ரெண்டு வருஷமா தேடிக்கிட்டு இருக்கோம்," என்றார் அம்மையார். "அரசுக் கட்டடத்துக்குள்ள, பூட்டின அறையில, பதிவேட்டோட, ஒரு இலைகூட வெளிய போகாம வளர்க்க முடியுமான்னு. இதை எத்தனை நாளா நடத்துறீங்க?"

அதிகாரி அரை நொடிகூட யோசிக்கவில்லை. "மூணு வருஷமா மேடம். பாதுகாப்பு கருதி வெளிய சொல்லல."

அவ்வளவுதான். வழக்குச் சொத்து அறை அன்று பிற்பகலே முன்னோடி ஆய்வுத் தோட்டம் ஆனது. இரண்டு வருடம் தெளியாத குழு பதினொரு நாளில் அறிக்கை கொடுத்தது, அடுத்த வாரமே அவசரச் சட்டம் வந்தது. அரசு வளாகத்தில் வளர்க்கலாம், அரசு கவுண்டரில் விற்கலாம். தனியார் உரிமம் வாங்க முன் அனுபவம் வேண்டும். இருபது வருட அனுபவம் இருப்பதாக ஒரு பிரமுகர் முதல் ஆளாக விண்ணப்பித்து உரிமமும் வாங்கினார். நேற்றுவரை தடை இருந்ததே, அனுபவம் எங்கிருந்து வந்தது என்று அவரை யாரும் கேட்கவில்லை. அவர் மேல் ஒரு வழக்கும் இல்லை. பழைய வழக்குகள் மட்டும் பழைய சட்டப்படியே நடக்கும் என்று கடைசிப் பத்தியில் எழுதியிருந்தது.

தணிக்கையும் வந்தது. பதிவேட்டில் உள்ள எடை வழக்குச் சொத்து, அதற்கு மேல் நிற்பது தோட்டத்தின் வளர்ச்சி என்று பிரித்து எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். சான்று காப்பாளரின் சட்டைப் பைக்கு வந்து சேர்ந்தது. ஓய்வு பெற மூன்று நாள் இருந்தது. அன்றுதான் டிரைவரின் வழக்கில் அவர் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டியிருந்தது.

டிரைவருக்காக வாதாடிய வக்கீல் இலவச வக்கீல், ஆனால் கெட்டிக்காரர்.

"பிடிச்ச அன்னைக்கு மழை பெய்ததா?"

காப்பாளர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "பதிவேட்டுல மழைக்குக் கட்டம் இல்லீங்க."

"சரக்கு காய்ஞ்ச பிறகு எடை எவ்வளவு?"

அதற்கு அவர் கூசாமல் உண்மையைச் சொன்னார். "வழக்குச் சொத்து இப்பவும் காயலைங்க."

டிரைவர் அவரையே பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. இன்னும் ஏதாவது சொல்வார் என்று காத்திருப்பவன் போலப் பார்த்தான். காப்பாளர் கூண்டைவிட்டு இறங்கினார். பத்து வருடம் தீர்ப்பானது. வீட்டில் மனைவி சாப்பாட்டை மேஜையில் மூடிவைத்துவிட்டு மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். அவள் திரும்பி வரப் பதினைந்து நாள் ஆயிற்று.

இத்தனை அனுபவம் உள்ளவரை அரசு சும்மா விடுமா? ஓய்வு பெற்ற மறுநாளே தோட்டக் கண்காணிப்பாளராக ஒப்பந்தத்தில் எடுத்துக்கொண்டது. தோட்டம் சைக்கிள் நிறுத்தும் இடத்தையும் தாண்டிப் பரவியது. தெருப் பக்கம் கவுண்டர் திறந்தார்கள். வரிசையில் இலை போட்ட சட்டைக்காரர்கள் நின்றார்கள், விஷம் என்று சொன்ன டாக்டர் ஆராய்ச்சிக்காக நின்றார். இன்னும் யார் யாரோ நின்றார்கள், உங்களையும் என்னையும் போன்றவர்கள்தான், தெரிந்தவர் கண்ணில் படாமல் இருக்கக் குடை பிடித்துக்கொண்டு.

ஆள் பற்றாக்குறைக்குச் சிறையிலிருந்து, கைதிகள் மறுவாழ்வுத் திட்டத்தில், பத்துப் பேரை அனுப்பினார்கள். முதலில் இறங்கியவன் டிரைவர். காப்பாளர் அவன் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர்க் குழாயைக் கையில் கொடுத்தார்.

கொஞ்ச நேரம் ஊற்றிவிட்டு டிரைவரே பேசினான்.

"இதெல்லாம் நான் கொண்டாந்த மூட்டையில இருந்து வந்ததுதானேண்ணே?"

"அப்படிச் சொல்லக்கூடாது தம்பி. இது இப்ப அரசு ரகம்."

"நான் வெளிய போறப்ப எனக்கும் அனுபவம் நிறைய இருக்கும். உரிமம் கேட்டா குடுப்பாங்களா?"

காப்பாளருக்கு விதிகள் மனப்பாடம். இந்த விதியைச் சொல்ல வெட்கமாக இருந்தது, ஆனாலும் சொன்னார். "தண்டனை பெற்றவங்களுக்குக் கிடையாது தம்பி."

டிரைவர் குழாயை அடுத்த பாத்திக்குத் திருப்பினான்.

"அப்ப நீங்க வாங்குங்கண்ணே. உங்க மேலதான் ஒரு கேஸும் இல்லையே."

விண்ணப்பத்தைக் காப்பாளர் முந்தாநாளே போட்டுவிட்டிருந்தார்.