தலைவர் இல்லாத அரட்டை

இதைச் சொல்லும்போது என் ஞாபகத்தை நானே முழுதாக நம்புவதில்லை. முதலில் சிரித்தது தையல்காரரா, லாரி டிரைவரா என்பது குழம்பிப்போய்விட்டது. தலைவர் அன்று பேசிக்கொண்டே இருந்தார் என்பது மட்டும் நிச்சயம். அதை யாராலும் மறக்க முடியாது.

நானும் தையல்காரரும் லாரி டிரைவரும் உறுப்பினர்களாக உள்ள, முதுகுவலிக்காரர்களுக்கான இணைய மன்றத்தை ஆரம்பித்தவர் அவர். வீட்டில் அவர் சொல்லி யாரும் ஒரு ஜன்னலைக்கூடச் சாத்தியதில்லை. மன்றத்தில் எல்லாரும் "தலைவரே" என்றார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகவே நாள் முழுக்கத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார்.

அதுவரை ஒருவர் எழுதினால் மறுநாள்தான் பதில் வரும். இனி எல்லாரும் ஒரே நேரத்தில் பேசலாம் என்று மனைவியின் தம்பி ஓர் அரட்டை அறை செய்துகொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை காலை வெள்ளோட்டம்.

தலைவர் வரவேற்றார். நிமிர்ந்து உட்காரும் முறை பற்றி எழுதினார். தலையணை பற்றி எழுதினார். தையல்காரர், "ஒரு சந்தேகம்..." என்று ஆரம்பித்ததும், "கேள்விகள் கடைசியில்" என்று எழுதிவிட்டு மெத்தை பற்றி ஆரம்பித்தார்.

அப்போதுதான் 'வெளியேற்று' என்ற பட்டன் கண்ணில் பட்டது. வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமே! உறுப்பினர் யாரையாவது தள்ளிப் பார்ப்பது அநாகரிகம். ஆகவே தன் பெயருக்கு நேராகவே அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் இரண்டு குத்து குத்தினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் திரை வெளுத்தது.

'நீங்கள் வெளியேற்றப்பட்டீர்கள். மீண்டும் சேரத் தலைவரை அணுகவும்.'

தலைவர் தலைவரை எங்கே போய் அணுகுவார்? மைத்துனனுக்குப் போன் போட்டார்.

"டேய், நானே என்னை வெளிய தள்ளிக்கிட்டேன்டா!"

"எப்படி மாமா?"

"அதெல்லாம் அப்புறம். உள்ள போக வழி சொல்லு."

"துணைத் தலைவர்னு யாரையாவது போட்டிருக்கீங்களா?"

"உங்க அக்காதான். சும்மா பேருக்கு."

"அப்ப அக்காவைக் கேளுங்க. நான் குளிச்சிட்டு வர்றேன்."

மனைவி அடுத்த அறையில் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போன். உண்மையைச் சொன்னால் சொந்தபந்தம் முழுக்கச் சிரிக்கும். அவர் 'புதுமுதுகு' என்ற பெயரில் விண்ணப்பித்துவிட்டு வந்து நின்றார்.

"ஏம்மா, மன்றத்துல யாரோ புதுசா சேரணும்னு காத்திருக்காராம். பாவம், சேத்து விடேன்."

"யாரு, இந்தப் புதுமுதுகா? சரி, நீங்க சொன்னா சரிதான்."

உள்ளே போனால் கல்யாணக் களை.

"அளவெடுக்கக் குனிஞ்சேன், நிமிர முடியல" என்று எழுதியிருந்தார் தையல்காரர். "வந்தவரு நான் கால்ல விழுந்துட்டேன்னு நெனச்சு, பழைய சட்டைய நான் பாழாக்கினதையே மன்னிச்சு விட்டுட்டாரு!"

சிரிப்பு அடங்கவில்லை. புதுமுதுகு மெல்லக் கேட்டது: "தலைவர் எங்கே?"

"போயிட்டாரு" என்றார் லாரி டிரைவர். "இன்னைக்குத்தான் முதுகே லேசா இருக்கு."

"அவர் அரிய மனிதர்."

"நீங்க அவருக்கு மச்சானா?"

புதுமுதுகுக்குப் பொறுக்கவில்லை. "முதலில் எல்லாரும் நிமிர்ந்து உட்காருங்கள். தலையணையைப் பொறுத்தவரை..."



"ஐயோ, இன்னொண்ணு வந்திருக்கு!" என்றார் லாரி டிரைவர்.

"துணைத் தலைவரே, காப்பாத்துங்க!" என்றார் தையல்காரர்.

திரை மறுபடி வெளுத்தது. தலைவர் அடுத்த அறைக்கு ஓடினார்.

"அந்த நல்ல மனுஷனை ஏம்மா தள்ளின?"

"எல்லாரும் கேட்டாங்க, தள்ளிட்டேன். உங்களுக்கு ஏன் அவர்மேல இவ்வளவு பாசம்?"

இனி வேறு வழியில்லை. "புதுமுதுகு நான்தான். காலையில நானே என்னைத் தள்ளிக்கிட்டேன்."

அவள் சட்டைக் காலரை வெகு கவனமாகத் தேய்த்தாள். "அடப் பாவமே! பாத்து அழுத்தக் கூடாதா?"

மைத்துனன் ஈரத் தலையோடு வந்து சேர்ந்தான். "எந்தப் பட்டனை அழுத்துனீங்க மாமா?"

அவர் காட்டினார்.

"இதுவா? இது வெறும் படம் மாமா, இன்னும் வேலையே செய்யாது. ஆளை வெளிய தள்ற பட்டன் இப்போதைக்கு அக்கா போன்ல மட்டும்தான் இருக்கு."

இப்போது மனைவிதான் தலைவர். தையல்காரரும் லாரி டிரைவரும் தினமும் பேசுகிறார்கள். மைத்துனன் அந்த வீட்டுப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டான். பழைய தலைவரைச் சாதாரண உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார்கள். நாற்காலியை விட்டு எழுந்து நடமாடியதில் அவருக்கு முதுகுவலி போயே போய்விட்டது. அதை அவர் யாரிடமும் சொல்வதில்லை. வலி இல்லாதவர்களுக்கு மன்றத்தில் இடமில்லை.